பூட்டின அறைக்கு அங்கே வைத்த பெயர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் இருக்கிறோம், ரொம்ப நல்லா இருக்கிறோம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார், மூன்றாம் மாடியில் வீடு பார்த்தது நான்தானாம். போனில் நீ தங்கச்சியைப் பற்றிக் கேட்கும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், நான் என்னத்தைச் சொல்வது, நல்லா இருக்காப்பா என்று முடித்துவிடுகிறேன், நீயும் ஏதோ மறைக்கிறேன் என்று கோபித்துக்கொள்கிறாய். இன்றைக்கு அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறாள், அவர்கள் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அவள் மாப்பிள்ளையோடு போய்ச் சேர்ந்திருந்த அந்தத் தியானக் கூட்டத்தை விட்டு வந்ததை நீ அரையும் குறையுமாகத்தான் கேட்டிருக்கிறாய். பேத்திக்குக் காதில் சீழ் வைத்துத் துடித்திருக்கிறது, அங்கே மருந்து கூடாது, தியானத்திலேயே சரியாகும் என்றிருக்கிறார்கள், இவள் பொறுக்க முடியாமல் யாரிடமும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே டாக்டரிடம் ஓடியிருக்கிறாள். அதுதான் குற்றம். அதற்குத் தண்டனை கொடுத்தார்கள், பிறகு குழந்தையைப் பிள்ளைகள் கட்டிடத்தில் வைத்துக்கொண்டு கண்ணிலேயே காட்டவில்லை, மாப்பிள்ளை வாயே திறக்காமல் அவர்கள் பக்கம் நின்றார். ஒரு நாள் துணி வாங்க இன்னொரு பெண்ணைக் கூடச் சேர்த்து இவளைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள், அந்தப் பெண் விலை பேசிக்கொண்டிருந்தபோது இவள் ஜனத்தோடு ஜனமாக நழுவி பஸ் ஏறிவிட்டாள். கதவைத் திறந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை, முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், கட்டின துணியைத் தவிர கையில் ஒன்றும் இல்லை.

வந்தவளை உட்கார வைத்து வயிறாரச் சாப்பிட வைத்தால் பழைய பெண்ணாகிவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் பேசுவது எங்களுக்குப் புரியவே இல்லை. தமிழ்தான், நாம் பேசுகிற அதே சொற்கள்தான், அர்த்தம் மட்டும் வேறு. வந்த புதிதில் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு வீட்டுக்குப் போகணும் போல இருக்கு என்றாள். இதுதானேடி உன் வீடு என்றேன். என்னைப் பார்த்து, ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல, "இது வாசல்ம்மா" என்றாள். அங்கே அவர்கள் இருக்கிற இடத்துக்குத்தான் வீடு என்று பேராம். பெற்றவர்கள் வாசல். வாசல் வழியாக உள்ளே வந்தாச்சு, அப்புறம் அங்கேயே யாரும் நிற்க மாட்டார்கள், அப்படியாம். பெற்று, பால் கொடுத்து, அம்மை போட்டபோது பக்கத்திலேயே கிடந்த எனக்கு இந்தப் பேர். அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அவளுக்குக் கேட்கக்கூடாதே என்று. இப்படித்தான் இன்னொரு சொல், கசிவு. சந்தேகம் வந்தால் கசிவு, கேள்வி கேட்டால் கசிவு, குழந்தையை நினைத்து அழுதால் அதுவும் கசிவு. ஒரு நாள் தலைவலி என்று படுத்திருந்தவள் எனக்குக் கசியுதும்மா என்றாள், நான் எங்கே ரத்தம் வருகிறதோ என்று பதறிப்போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தேன்.

அப்பா குணம் உனக்குத் தெரியும். அந்தப் பாஷை இந்த வீட்டுக்குள்ள வேணாம் என்று ஒரே போடாகப் போட்டார். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் விழுந்தால் போதும், தப்பு, திருத்திச் சொல்லு என்பார். கொஞ்ச நாளில் அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஒன்று சொல்வதற்கு முன்னால் உதட்டை அசைத்துப் பார்ப்பாள், இது அவங்க வார்த்தையா நம்ம வார்த்தையா என்று உள்ளுக்குள் தேடுவாள், தெரியாவிட்டால் விட்டுவிடுவாள். தண்ணீர் வேண்டும் என்றால்கூட டம்ளரைக் காட்டுவாள். சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசி உன் காதைத் தின்றவள் அவள். வீட்டில் மூன்று பேர் இருந்தும் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

இதற்கு நடுவில் குழந்தையைக் கேட்டு வழக்குப் போட்டோம். வக்கீலம்மா நல்ல மாதிரி, நிதானமாக எல்லாம் கேட்டுக்கொண்டார். ஆனால் முதல் தடவை கோர்ட்டில் நடந்ததைக் கேள். உன்னை அங்கே என்னம்மா பண்ணாங்க என்று நீதிபதி கேட்டார். இவள் தலையைக் குனிந்துகொண்டு, "என்னை ஓய்வுல வச்சாங்க" என்றாள். அவ்வளவுதான். எதிர் வக்கீல் எழுந்து, சிரித்த முகமாக, பிள்ளைக்காரி களைச்சுப் போயிருக்கா, ஓய்வு குடுத்திருக்காங்க, இது கொடுமைன்னா எல்லா மாமியாரும் இந்தக் கொடுமையப் பண்ணட்டுமே என்றார். பின் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவள் ஆமாம் ஓய்வுதான் என்று தலையாட்டினாள். அடுத்த தேதி கொடுத்தார்கள். வெளியே வந்ததும் வக்கீலம்மா, நீ அங்க பேசினதை அப்படியே இங்க பேசினா அவங்க பண்ணது ஒண்ணுமே இல்லேன்னு ஆயிடும்மா என்று சொல்லிவிட்டு, முகம் வாடிப்போய்க் காரில் ஏறினார்.

வீட்டில் வைத்துக்கொண்டால் இன்னும் மோசமாகிவிடுவாள் என்று பயந்து என்னோடு வேலைக்கு அழைத்துப் போனேன். உனக்குத்தான் தெரியுமே, ஓட்டல் படுக்கை விரிப்பெல்லாம் எங்கள் சலவைக்கூடத்துக்குத்தான் வருகிறது, மெஷினிலிருந்து சூடாக வந்து விழும், இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உதறி மடிக்க வேண்டும். இவளுக்கு எதிர் முனையில் எங்கள் வாயாடியைப் போட்டார்கள், பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, வாயாடி என்றால்தான் திரும்புவாள். அவளுக்குக் கோர்ட் விஷயம் நான்தான் சொல்லியிருந்தேன். அவளுக்கு நாசூக்கெல்லாம் வராது. மடித்துக்கொண்டே, "ஏண்டி, ஓய்வு ஓய்வுங்கிறியே, அது என்ன கட்டில்ல காலை நீட்டி டீ குடிக்கிறதா? எங்களையும் ரெண்டு நாள் அனுப்பேன்" என்று கேட்டுவிட்டாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. ஆனால் உன் தங்கச்சி விரிப்பைப் பிடித்தபடியே நின்று, நம்ம வீட்டுக் குரலில், சின்ன வயதுக் குரலில் சொன்னாள், "இல்லக்கா. கதவை வெளியே பூட்டிடுவாங்க. ஜன்னல் கிடையாது. சாப்பாடு வைக்க வர்றவ என் முகத்தைப் பாக்கக்கூடாது. நான் கூப்பிட்டா பதில் சொல்லக்கூடாது. ஒரு வாளி வச்சிருப்பாங்க. எத்தனை நாள்னு எனக்குத் தெரியலக்கா." மெஷின் பாட்டுக்கு விரிப்பைத் தள்ளிக்கொண்டே இருந்தது, நாங்கள் யாரும் எடுக்கவில்லை.

நான் அம்மா, ஓய்வு என்றால் என்ன என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை பார்த்தாயா. கேட்டிருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். சலவைக்கூடத்தில் எதிரே நின்றது வாசல் இல்லை, அவளும் கசிந்தவள் இல்லை, புதுசாக வந்தவள், அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை கோர்ட்டில் அதே சொற்களைச் சொன்னாள். கூண்டுக் கட்டையை விரிப்பைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிர் வக்கீல் இந்தத் தடவை சிரிக்கவில்லை. வாளி என்ற சொல் வந்தபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன், நடையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார், என்னைப் போ உள்ளே என்று கையைக் காட்டினார். தீர்ப்பு ஒன்றும் வந்துவிடவில்லை, குழந்தை பழகின இடத்திலேயே இப்போதைக்கு இருக்கட்டும், அம்மா மாதம் இரண்டு முறை அதிகாரி முன்னிலையில் பார்க்கலாம் என்று உத்தரவு. இதுக்கே சந்தோஷப்படுங்க என்றார் வக்கீலம்மா. சந்தோஷப்பட்டோம், வேறு என்ன செய்வது.

போன வாரம்தான் முதல் சந்திப்பு. அலுவலகத்தில் ஒரு சின்ன அறை, பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் கை உடைந்த பொம்மைகள். என்னை வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், கதவு திறந்திருந்ததால் பார்க்க முடிந்தது. குழந்தைக்கும் முடியை வெட்டியிருக்கிறார்கள் பெரியவனே, ஒரு கணம் நீ சின்னப் பையனாக வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். ஐந்து வயது, ஆடவில்லை அசையவில்லை. இவள் இரண்டு கையையும் நீட்டினாள். அது தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க கசிஞ்சவங்க, தொடக்கூடாது" என்றது. இவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு குழந்தை தானாகவே, யாரையும் பார்க்காமல், விளக்கு மங்குது என்றது. அந்த அதிகாரி அம்மா நிமிர்ந்து டியூப் லைட்டைப் பார்த்தார், நல்லாத்தானே எரியுது கண்ணு என்றார். உன் தங்கச்சி எழுந்து என்னிடம் ஓடி வந்தாள், அம்மா பையில ஏதாவது இருக்கா, சாப்பிட ஏதாவது குடும்மா என்றாள். பசி என்று சொன்னால் உடம்புக்கு அடிமை என்று அங்கே அர்த்தமாம், அதனால் பிள்ளைகளுக்கு விளக்கு மங்குது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். கடவுள் புண்ணியத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது. குழந்தை அதை எப்படித் தின்றது என்று நான் எழுத மாட்டேன், நீ அங்கே தூரத்தில் உட்கார்ந்து படிப்பாய். நேரம் முடிந்ததும் அவர்கள் கூட்டத்திலிருந்து குழந்தையோடு வந்திருந்தவள் கையைப் பிடித்து அழைத்துப்போனாள், அது திரும்பிப் பார்க்கவில்லை, பாக்கெட்டை மட்டும் விடவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, அந்தப் பாஷையை மறக்கணும்னு உயிரைக் குடுத்துக்கிட்டு இருந்தேம்மா, மறந்திருந்தா இன்னிக்கு எம்புள்ள பசியோடயே போயிருக்கும் என்றாள். இனிமேல் மறக்கப்போவதில்லையாம், குழந்தை எதில் கேட்கிறதோ அதில் பதில் சொல்லி, பக்கத்திலேயே நம்ம சொல்லையும் வைத்துப் பேசப்போகிறாளாம். விஷத்தை வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது, ஆனால் சொல்லவில்லை. அந்தப் பாஷையே வேண்டாம் என்ற அப்பா, நேற்று டீ குடிக்கும்போது அவளிடம் மெல்ல, தூக்கம் வந்தா அங்க எப்படிம்மா சொல்லுவாங்க, வலிச்சா எப்படிச் சொல்லுவாங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நமக்கும் ஒரு நாள் பார்க்க அனுமதி கிடைத்தால் பேத்தி சொல்வது புரிய வேண்டுமே என்றார். வக்கீலம்மா நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை, வருஷக்கணக்கில் இழுக்கும், அதற்குள் பிள்ளை இன்னும் அங்கேயே ஊறிப்போகும் என்கிறார். இதுதான் நிலைமை, இதைத்தான் போனில் நல்லா இருக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள். அவளோடு பேசும்போது நிம்மதியா இரு என்று சொல்லாதே. அறையைத் திறந்து வெளியே விட்டதும் எல்லார் முன்னாலும் நிம்மதி, நிம்மதி என்று சொல்ல வைப்பார்களாம், நீ போன தடவை அப்படிச் சொன்னதும் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாளே, அதுதான் காரணம். முன்னே மாதிரி அவளைக் கழுதை என்றே கூப்பிடு. அண்ணன் ஏம்மா எங்கிட்ட இப்படி மரியாதையா பேசறான், நான் என்ன செத்தா போயிட்டேன் என்று கேட்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், மருமகளிடம் நான் விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, குறையில்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. படியில் அப்பா திட்டும் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார்கள், நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா