யார் வீட்டுக் கிருமி

அன்பு மகள் மேரிமுக்கு, நரீனிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், உன் மகன் எலாமான் பரம சுகம், இதைப் படித்து மூச்சு விட்டுக்கொண்டு மேலே படி. போன மாதம் அவன் சுகமாக இல்லை. போனில் சொன்னால் மாஸ்கோவில் வேலையை உதறிவிட்டு விமானம் ஏறிவிடுவாய் என்று உன் அம்மா என் வாயைக் கட்டிப்போட்டாள். வாந்தியில் ஆரம்பித்துப் பின்பக்கம் திறந்துகொண்டது, ஒரு கம்பளத்தைத் துவைத்துப் போடுவதற்குள் அடுத்த கம்பளம். கேலி செய்துகொண்டிருந்த நான், அவன் அழும்போது கண்ணீர் வராததைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். தூக்கினால் ஈரத்துணி மாதிரித் தொங்கினான். பக்கத்து வீட்டு சாய்கலின் பேத்திக்கும் அதே கதை, அதனால் இருவரையும் சாய்கல் வீட்டுக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் சண்டை. "உன் பேரன் வந்து விளையாடிட்டுப் போனதுலதான் எங்க பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சு" என்றாள் சாய்கல். "உன் வீட்டு ஈ எங்க வீட்டுக்கு வந்துதான் கை கழுவிட்டுப் போகுது" என்றாள் உன் அம்மா.

டிரிப் ஏற்றினார்கள். உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று அவன் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை டாக்டர் குல்சாட்டின் மடியை நனைத்தான், உடம்பில் நீர் ஏறிவிட்டது என்று அந்த அம்மாள் பதக்கம் வாங்கியவள் போலச் சிரித்தாள். சாய்கலின் பேத்தியும் தேறிவிட்டாள். இரண்டு குழந்தைகளின் மலமும் பிஷ்கேக் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. உன் அம்மாவும் சாய்கலும் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் போல ஒருவரோடொருவர் பேசாமலே இருந்தார்கள். நேற்று குல்சாட் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ரெண்டும் ரோட்டா வைரஸ்தான், ஆனா வேற வேற ரகம். உங்க பையனுக்கு ஜி ஒன்பது, அந்தப் பொண்ணுக்கு ஜி ரெண்டு. யாரும் யாருக்கும் கொடுக்கல. இன்னும் பல ரகம் சுத்துது, மறுபடி வரலாம், ஆனா பெரும்பாலும் இவ்வளவு மோசமா வராது." பழி போட ஆளில்லாமல் உன் அம்மா, சாய்கல் இருவர் முகமும் தொங்கிப்போனது. கடைசியில் சாய்கல், "அதுல எது ஒசத்தி?" என்று கேட்டாள். "ரெண்டும் ஒரே நாத்தம்தான்" என்றாள் குல்சாட். திரும்பும்போது இருவரும் பின் சீட்டில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, நான் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில்லை என்று வீடு வரை என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.

ஓடி வராதே, கோடையில் வா. அவன் உன்னை யாரோ என்று பார்த்து ஓடினால் அழாதே, ஒரு நாள் பொறு, அப்புறம் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நீடு வாழ்க.

உன் அப்பா,
ஜோல்தோஷ்