பம்ப் மேல் போட்ட பழி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம், அவளுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படியை முனகாமல் ஏறுகிறாள். அங்கே நீ நலமா என்று கேட்டுவிட்டு மேலே போவதுதான் வழக்கம், இந்த முறை அந்த வரியிலேயே பேனா நின்றுவிட்டது. நீ நலமாக இல்லை என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அன்றுதான் நீ அவளிடம் சொன்னதாக அம்மா சொன்னாள். வேலை போய் இரண்டு மாதமாம், அதை முதலில் என்னிடம்தான் போனில் சொன்னாயாம், அதற்கு நான் "ரொம்ப சந்தோஷம்மா, இதுக்குத்தானே இவ்வளவு நாளா காத்திருந்தேன்" என்றேனாம். நீ அவ்வளவு தூரம் போவது பிடிக்காமல் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், அதனால் வேலை போனதில் இந்த மனுஷனுக்கு இவ்வளவு ஆனந்தமா என்று நினைத்து நீ என்னோடு பேச்சை நிறுத்தியதில் தப்பே இல்லை. நான் அப்படிச் சொன்னதும் உண்மை. ஆனால் நீ "வேலை போச்சுப்பா" என்றது என் காதில் "வேலை ஆச்சுப்பா" என்று விழுந்தது அம்மாடி. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று நினைத்து அன்றைக்குப் பட்டறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், அதற்கப்புறம் நீ கூப்பிடாததையும் வேலை மும்முரம் என்றே எடுத்துக்கொண்டேன்.

காதில் தப்பாக விழுந்ததை உன் அம்மாவிடம் சொன்னபோதும் நான் போனைத்தான் திட்டினேன், சிக்னல் சரியில்லை, கருவி பழசு என்றெல்லாம். அவள் உதட்டைச் சுழித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள், நம்பவில்லை என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா. அதே வாரத்தில் பட்டறையில் ஒரு வண்டி என்னைப் படுத்திக்கொண்டிருந்தது. நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் அம்மாளின் சின்ன டிராக்டர், நான்கு சக்கரமும் இழுக்குமே, அந்த வகை. முன்னால் இருக்கும் வாளி மண்ணோடு தூக்கினால் பாதியில் சோர்ந்துவிடுகிறது, ஸ்டீயரிங்கும் கனக்கிறது. வாளியைத் தூக்கும் எண்ணெயின் அழுத்தம், ஹைட்ராலிக் பிரஷர், குறைவு என்று பார்த்ததுமே தெரிந்தது, ஏன் குறைவு என்பதுதான் தெரியவில்லை. எண்ணெய் அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. ஃபில்டரை மாற்றிப் புது எண்ணெய் ஊற்றினேன். அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினால் முள் பாதிக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வைக் கழற்றிக் கழுவி ஸ்பிரிங்கைப் பார்த்து மாட்டினேன், முள் அசையவில்லை. மூன்று நாள் இப்படியே போனது. எண்ணெயில் நுரை இருந்ததைக் கண்ணால் பார்த்தேன், புதிதாக ஊற்றியதால் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் பம்ப் தேய்ந்துவிட்டது, புதுசு வாங்கிவிடுங்கள் என்று அந்த அம்மாளிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். அவளுக்கு நாற்று ஏற்றும் சமயம், முகம் வாடிப் போனது.

மறுநாள் மதியம் உன் அம்மா சாப்பாடு கொண்டுவந்தாள். வண்டியை ஓடவிட்டு வாளியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "என்னங்க இது, இப்படிக் கீச்சுன்னு கத்துது, உங்களுக்குத் தலை வலிக்கலையா" என்றாள். எங்கே கத்துகிறது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்கு எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை அம்மாடி, சத்தியமாகக் கேட்கவில்லை. பம்ப் கீச்சிட்டால் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சுகிறது என்று பொருள், நான் பார்த்த நுரையும் அதனால்தான், இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. எஞ்சினை நிறுத்திவிட்டு, கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். முன்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டுக்குப் பின்னால் பம்ப்புக்கு எண்ணெய் கொண்டுபோகும் உறிஞ்சு குழாயின் இணைப்பு ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலால்தான் தேட வேண்டும். காற்று நுழையாதபடி இணைப்பைச் சுற்றிக் கிரீஸை அப்பிவிட்டு, வெளியே வந்து மறுபடி ஸ்டார்ட் செய்தேன். "நின்னுடுச்சுங்க" என்றாள் அம்மா. நான் கேஜைப் பார்த்தேன், முள் விறுவிறுவென்று ஏறியது. அந்த இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் வெடித்துப்போயிருந்தது, ஒரு மணி நேரத்து வேலை. பம்ப் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பண்ணை அம்மாளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "பம்ப்பை மாத்தச் சொன்னீங்க, கடைசியில உங்க காதைத்தான் மாத்தணும் போல" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது உன் குரல்தான் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. சிக்னல் மேல் போட்ட பழியும் பம்ப் மேல் போட்ட பழி மாதிரிதான் என்று புரிந்தது. நேற்று காது டாக்டரிடம் போனேன், அம்மா கையைப் பிடித்து இழுக்காத குறைதான். இத்தனை வருடம் எஞ்சின் பக்கத்திலேயே நின்றதன் பலன் என்றார், கீச்சென்ற மெல்லிய ஓசைகள் முதலில் போகுமாம், பேச்சில் சில எழுத்துகள் நழுவிவிடுமாம். போன காது திரும்பாது, கருவி வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம் என்றார். வைத்துக்கொள்கிறேன். தொழிலை விடுவதாக இல்லை, ஓசை கேட்க அம்மாவை வேலைக்கு வைத்திருக்கிறேன், அவள் இப்போதே முதலாளி மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள்.

நீ அங்கேயே வேறு வேலை தேடினாலும் சரி, இங்கே வந்து கொஞ்ச நாள் தூங்கி எழுந்து யோசித்தாலும் சரி. எதையும் பயத்தில் முடிவு செய்யாதே. இரண்டு மாதம் இந்தக் கஷ்டத்தை நீ தனியாகச் சுமந்தாய், அதோடு அப்பா சந்தோஷப்பட்டார் என்ற பாரத்தையும் சேர்த்துச் சுமந்தாய், அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. எல்லா நன்மையும் உன்னைத் தேடி வரட்டும், உடம்பைக் கவனித்துக்கொள். போனில் கூப்பிட்டால் கத்த வேண்டாம், நிறுத்தி நிதானமாகப் பேசு, இல்லையென்றால் எழுது, எழுத்து ஒன்றுகூட நழுவாது. அன்று நீ சொன்னதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதிவிடுகிறேன்: போனாப் போகட்டும்மா. நீ சாப்பிட்டியா?

இரண்டு மாதம் தாமதமாகப் பதில் சொல்லும்
உன் அப்பா