தாத்தாவின் இடது காது

விருதுநகர்
14.9.2006

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அம்மா குருவம்மாள் எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும் என்று பத்திரகாளியம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தாத்தாவுக்குப் பதினாறாம் நாள் விசேஷம் முந்தாநாள் முடிந்தது. ஏழு மாசத்தோடு விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நீ வராததில் யாருக்கும் வருத்தமில்லை, போனில் நீ அழுததுதான் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேதத்துக்கு அவரோடு ரயில்வேயில் இருந்தவர்கள் நாலு பேர் கைத்தடியோடு வந்தார்கள், பட்டாளத்துச் சங்கத்திலிருந்து மாலை வந்தது. எண்பத்தாறு வயசு, கல்யாணச் சாவு என்று கொட்டு வைத்துத்தான் எடுத்தோம். ஆனாலும் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சீசன் என்பதால் லீவு நீட்டிக்க முடியாமல் பட்டாசுக் கம்பெனிக்குப் போய் வருகிறேன், காலையில் காப்பி ஆற்றும்போது கை தானாக அவர் டம்ளரையும் எடுத்து வைக்கிறது.

அவர் பெருமையாகச் சொல்லும் கதையெல்லாம் உனக்குத் தெரியும். விஸ்வநத்தத்துக் கரிசலில் கம்பும் பருத்தியும் போட்ட வீட்டில் பிறந்தது, மழையில்லாத வருசம் ஏர்மாட்டை விற்ற மறுநாள் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விருதுநகருக்கு நடந்தே போனது, பர்மா எல்லையில் நாலு வருசம் கிடந்தது, திரும்பி வந்து முப்பத்தொரு வருசம் திருத்தங்கல் பக்கம் சுத்தியலோடு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தது எல்லாம். சொல்லாதது ஒன்று இருந்திருக்கிறது. சாவதற்கு எட்டு நாள் முன்னால், மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அதை என்னிடம் சொன்னார். அப்பா பருப்பு மில்லுக்குப் போயிருந்தார்.

என்னைப் பெற்ற அய்யா சுடலை அவரோடு வேலை பார்த்ததும், எனக்கு ஆறு வயசில் ரயிலில் அடிபட்டுச் செத்ததும் உனக்குத் தெரியும். எப்படி என்று நீ கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். குடித்துவிட்டுத் தண்டவாளத்தில் தள்ளாடினான் என்றுதான் ஊரில் பேச்சு. பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மகள் என்றே கூப்பிடுவார்கள். ஆத்தா அந்த வெட்கத்திலேயே ஒடுங்கிப் போய்ச் செத்தாள். என்னைப் பெண் கேட்டு ஒருத்தரும் வரவில்லை, தாத்தாதான் தன் மகனுக்கு வேண்டும் என்று வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்தார். முப்பது வருசமாக அவரைத் தெய்வமாக நினைத்திருந்தேன்.

பர்மாவில் பக்கத்தில் குண்டு விழுந்ததில் அவருக்கு இடது காது அடியோடு போய்விட்டதாம். ரயில்வேயில் சேரும்போது டாக்டர் வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லித் தப்பித்தாராம். விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் அய்யா. அதனால் எப்போதும் இடது பக்கமாகவே கூட நடப்பாராம், வண்டிச் சத்தம் கேட்டால் தோளைத் தட்டுவாராம். ஒரு ஐப்பசி மழையில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சரக்கு வண்டி பின்னால் வந்திருக்கிறது. தள்ளி நின்ற அய்யா கத்திப் பார்த்து, மழை இரைச்சலில் இவருடைய ஒற்றைக் காதுக்குக் கேட்காததால் ஓடிவந்து இவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு, தான் மாட்டிக்கொண்டார். காது விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, சுடலை கால் வழுக்கி விழுந்தான் என்று தாத்தா விசாரணையில் சொல்லிவிட்டார். ஊர் அதைக் குடி என்று ஆக்கியது, இவர் வாயே திறக்கவில்லை.

"உங்கய்யா ஒரு சொட்டுக் குடிச்சதில்ல தாயி. எனக்காகச் செத்தான். நான் பேசாம இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

கிண்ணத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். நாற்பத்து மூன்று வருசம். ஆத்தாவை நினைத்து அம்புட்டு ஆத்திரம் வந்தது, இந்த மனுசருக்கு இனி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றுகூடத் தோன்றியது. திரும்பி வந்து பார்த்தால் வாயில் வழிந்த கஞ்சியைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். வலது காதுப் பக்கம் குனிந்து, "எனக்கு எப்பவோ தெரியும் மாமா. ஆத்தா சாகுமுன்ன சொல்லிருச்சு. மனசுல வச்சுக்கிட்டு இருக்காதீக" என்றேன். பொய்தான் பானு. ஆத்தாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் மிச்சக் கஞ்சியையும் குடித்தார்.

நான் மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. தாத்தா படுத்திருந்த இடத்தைப் பார்த்தால் அழுகை வருகிறது, அய்யா முகம் சரியாக நினைவுக்கு வரவில்லையே என்று அதற்கும் அழுகை வருகிறது. நீ பக்கத்தில் இருந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் சொல்லியிருப்பேன். முந்தாநாள் பந்தியில் விஸ்வநத்தத்துப் பெரியவர் வேலுச்சாமி, சுடலை மட்டும் குடிக்காமல் இருந்திருந்தால் அவனும் இப்படி மகள் கையில் கஞ்சி குடித்து வாழ்ந்திருப்பான் என்றார். நான் சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கய்யா குடிச்சதே இல்ல" என்றேன். பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அதைச் சொல்கிறேன். தாத்தா பேச்சை எடுக்கவில்லை. அப்பா என்னையே பார்த்தார், இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

வெயிலில் நின்று வேலை பார்க்காதே, இரும்பு மாத்திரையை மறக்காதே. அம்மன் அருளால் சுகமாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலுக்கு வந்து சேர வேண்டும். மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போடு, அப்பா எடுத்தால் இதைப் பேசாதே.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா குருவம்மாள்