துடைத்து வைத்த ரயில்

இன்று காலையில் அண்ணன் மகள் வாசலில் நின்று போர்வையை உதறினாள். இரண்டு உதறல்தான். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் இது முத்தாண்டிக்குப்பம், இது அண்ணன் வீடு, நீங்கள் இல்லை என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தினமும் இப்படித்தான். எல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தாலாவது பரவாயில்லை.

உங்கள் பொம்மை ரயிலை இந்த வருஷமும் கிளப் ஹால் கண்காட்சியில் வைத்தேன். அது என்ன ஆனது என்று உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கட்டைகள் நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? சுரங்க டவுன்ஷிப்பில் ஆபீசர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, அவர் மகனுடைய பழைய பெட்டி ஒன்றை உங்களிடம் கொடுத்தார்கள். ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி மாட்டும் பிளாஸ்டிக் கட்டைகள். "உங்க பசங்களுக்குக் குடுங்க" என்றார்களாம். நமக்குப் பிள்ளை இல்லை என்று நீங்களும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து ஒரு வீடு கட்டினீர்கள். இடித்தீர்கள். பிறகு ஒரு ரயில் பெட்டி கட்டிச் சக்கரம் வைத்தீர்கள். அப்புறம் உங்களை நிறுத்த முடியவில்லை.

போனஸ் வந்தால் ஊரெல்லாம் டிவி வாங்கும். நீங்கள் பாண்டிச்சேரிக்குப் போய்த் தண்டவாளம் வாங்கி வருவீர்கள். எதிர் வீட்டம்மா என் காதில் விழும்படியே சொல்வாள்: "புள்ளைங்க வெளையாடி பாத்துருக்கன். மீச மொளச்ச ஆம்பள வெளையாடிகினு இருக்கறத இந்த வூட்லதான் பாக்கறன்." எனக்குச் சுருக்கென்று இருக்கும். நீங்கள் ஜன்னல் வழியாகவே பதில் கொடுப்பீர்கள்: "பெரிய ரயிலுதாங்க கேட்டன். குடுக்க மாட்டன்னுட்டாங்க!" அவளும் சிரித்துவிடுவாள்.

மூன்று பலகையில் நம் ஊரையே கட்டினீர்கள். ஒரு முனையில் சுரங்கக் குழி, அதிலிருந்து கரியைத் தூக்கி வரும் பெல்ட், கரி ஏற்றும் வேகன்கள். மறுமுனையில் புகைபோக்கிகள். நடுவில் எல்லாம் ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ் வீடுகள். "இதுல நம்ம வூடு எது?" என்று கேட்டேன். துணி காயப்போட்ட கொடி ஒன்றை ஒரு வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டு, "நீ எப்பப் பாத்தாலும் தொவச்சிகினே இருக்கியே, அந்த வூடுதான்" என்றீர்கள்.

கட்டி முடித்த பிறகும் உங்களுக்கு மனம் ஆறவில்லை. "புதுசா இருக்கறதால பொம்மயாட்டம் இருக்குது புள்ள" என்றீர்கள். மறுநாள் சுரங்கத்தில் பெல்ட் வேலை முடிந்து வந்தவர், குளிக்கப் போகாமல் நேரே ரயில் இருந்த அறைக்குள் போனீர்கள். சட்டையைக் கழற்றிப் பலகைக்கு மேலே பிடித்து இரண்டு உதறு உதறினீர்கள். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். "ஐயோ, பெருக்கன வூட்டுல என்னாங்க இது!" "இது அழுக்கு இல்ல புள்ள. ஊரு." அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் முதலில் ரயிலுக்கு இரண்டு உதறல், பிறகுதான் குளியல்.

வருஷக்கணக்கில் அந்தக் கரித்தூள் அங்கே இறங்கியது. கூரை இடுக்குகளில் கறுத்துப் படிந்தது. ரயில் ஓடும் காற்றில் தண்டவாள நடுவிலிருந்து விலகி, நிஜத்தில் எப்படி ஒதுங்குமோ அப்படியே ஓரத்தில் ஒதுங்கியது. நம் வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகூடப் பழுப்பேறிப் போனது. நான் வீடு முழுக்கத் துடைப்பேன், அந்தப் பலகைகளை மட்டும் தொடமாட்டேன்.

போன வருஷக் கண்காட்சியில் உங்கள் மேஜையைச் சுற்றித்தானே கூட்டம்! தபால்தலை வைத்தவரும் தொட்டிச்செடி வைத்தவரும் தங்கள் மேஜையை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்கள். ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "டேய், இது நம்ம மைன்ஸுடா! அந்தக் கரிய பாரு" என்று கத்தினார். கிளப் செயலாளர் அப்போது உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "வீட்ல இடம் இல்லேன்னா சொல்லுங்க. இந்த ஹால்லயே கண்ணாடிப் பெட்டி போட்டு வெச்சிடலாம்." நீங்கள் சிரித்தீர்கள். "நான் இருக்கற வரைக்கும் எதுக்கு சார்?"

பிறகு ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அதை எழுத என்னால் முடியாது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அண்ணன் வீட்டில் எனக்குக் கிடைத்தது ஒரு பாய் விரிக்கும் இடம். மூன்று பலகையை எங்கே வைப்பது? உங்களைத்தான் பிரிந்துவிட்டேன், ஊரையாவது பிரிக்காமல் ஒரு இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று அந்தக் கண்ணாடிப் பெட்டியையே நம்பிக்கொண்டிருந்தேன். செயலாளர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "கண்காட்சியில வைங்கம்மா. கமிட்டிக்காரங்க பாக்கட்டும், பேசலாம்" என்றார்.

கண்காட்சிக்கு முதல் நாள் மேஜைக்குச் சொல்ல ஹாலுக்குப் போயிருந்தேன். கம்மாபுரத்திலிருந்து ஒத்தாசைக்கு வந்திருந்த உங்கள் தங்கச்சி செல்வி வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது வாசலிலேயே ஷாம்பு வாசனை அடித்தது. ஈரத்துணியும் பழைய பல் பிரஷும் கையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"அண்ணி, வந்து பாருங்க, எப்படி ஆக்கிட்டன் பாருங்க! இடுக்கு விடாம தேச்சன். மூணு பக்கெட்டு தண்ணி கருப்பாவே வந்துச்சி."

பார்த்தேன். சிவப்பு சிவப்பாக இருந்தது, மஞ்சள் மஞ்சளாக இருந்தது. நம் வீட்டுக் கொடியில் துணி வெள்ளையாக இருந்தது.

"என்னா அண்ணி, ஒண்ணுஞ் சொல்ல மாட்டன்றீங்க? எங்கண்ணன் பொருளு, நாலு பேரு பாக்கற எடத்துக்கு அழுக்கோட போவக் கூடாதுன்னுதான..." என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நல்லா இருக்குது செல்வி" என்றேன்.

உங்கள் சட்டைகளைத் தேடினேன். காரியத்துக்கு முன்பே எல்லாவற்றையும் நானே துவைத்துக் கொடுத்துவிட்டிருந்தேன்.

கண்காட்சியன்று ரயில் ஓடியது. அதில் குறை இல்லை. வருகிறவர்கள் ஒரு சுற்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு அம்மா, "இது செட்டாவே கடையில கெடைக்குதுங்களா?" என்று கேட்டாள். இன்னொருவர், "எந்த ஊருங்க இது, சிங்கப்பூரா?" என்றார். செயலாளர் கமிட்டிக்காரர்கள் இருவரோடு வந்தார். வெகுநேரம் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை, தயங்கித்தான் சொன்னார்.

"போன வருஷம் பாத்தப்ப நம்ம ஊரா இருந்துச்சும்மா. இப்ப பொம்மையா இருக்கு."

நீங்கள் சொன்ன அதே சொல். நடந்ததைச் சொன்னேன். "சரிம்மா, நாளைக்கு ஒரு தடவை பாக்கறோம்" என்று போய்விட்டார்.

மறுநாள் காலை, கான்ட்ராக்ட் காலத்திலிருந்தே உங்களோடு வேலை பார்த்த மஸ்தான் பாயை வழியில் நிறுத்தி ஹாலுக்குக் கூட்டிப்போனேன். நைட் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ஹால் திறந்திருந்தது, ஆட்கள் வரவில்லை.

"பாய், சட்டையைக் கொஞ்சம் உதறிட்டுப் போங்க."

விஷயம் புரிய அவருக்குச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் பொத்தானைக் கழற்றினார். "எங்க வூட்டுக்காரி வாசல்லயே நிறுத்தி, உதறாத உதறாதன்னு உசுர வாங்குவா. நீ ஒருத்திதாம்மா உதறச் சொல்ற" என்று சிரிக்கப் பார்த்தார். பனியனோடு நின்று பலகைக்கு மேலே சட்டையை உதறினார். மறுபடி உதறினார். காலரைத் தட்டினார். கைமடிப்பைப் பிரித்து அதிலிருந்ததையும் தட்டினார்.

நாங்கள் இருவரும் பார்த்தோம். கூரைமேல் திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஊர் மாதிரி இல்லை. யாரோ கைதவறிக் காப்பித்தூள் கொட்டிய மாதிரி இருந்தது.

"இது ஒரு நாளு தூசிம்மா" என்றார் பாய். "அவன் எத்தினி வருசம் உதறியிருப்பான்!" சட்டையை மாட்டாமல் தோளில் போட்டுக்கொண்டே போனார். முகத்தை அதில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

செயலாளர் வந்து பார்த்தார். "வேணாம்மா, சிரமப்படாதீங்க. பெட்டி வைக்க இடமும் இல்ல" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு குடும்பம் என்ஜினை மட்டும் தருவீர்களா என்று கேட்டது. கொடுத்துவிட்டேன். ஓடிக்கொண்டிருக்கிறதோ, உடைந்ததோ.

வீட்டுக்குக் கொண்டுவந்து நானே பிரித்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. புகைபோக்கி, பெல்ட், ஸ்டேஷன் எல்லாம் கையோடு வந்தன. நம் வீட்டுக் கூரையில் மட்டும் மெல்லிசான சாம்பல் நிறப் பட்டைக் கட்டை ஒன்று வரவில்லை. நகம் போகவில்லை. கத்தி வழுக்கியது, பிறகு ஒருவழியாகக் கழன்றது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் குழி குழியாக இருந்தது. முன்பல் இரண்டு, பிறகு கொஞ்சம் இடைவெளி, பிறகு இன்னொரு பல்.

கட்டி, பிரித்து, மறுபடி கட்டும்போது பிரிந்து வராத கட்டையை வாயில் வைத்துக் கடிப்பீர்கள். "பல்லு போயிடும்" என்பேன். "அது வேற எதுக்குப் புள்ள இருக்குது?" என்பீர்கள். செல்வியின் பிரஷ் இதன்மேலும் போயிருக்கும். இதை மட்டும் அதால் தேய்த்து எடுக்க முடியவில்லை.

மற்றதெல்லாம் சாக்கில் கட்டி அண்ணன் வீட்டுப் பரணில் கிடக்கிறது. யாரும் பிரிக்கப் போவதில்லை. இந்தப் பட்டையை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். யாரும் இல்லாத நேரத்தில் அவிழ்த்து, அந்தக் குழிகளில் என் பல்லை வைத்துப் பார்ப்பேன்.

பொருந்தவில்லை. உங்களுக்கு வாய் பெரிது.