நீ மட்டும் பார்த்த கோட்டை

நேற்று என் பேத்தி ஒரு கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டிவிட்டாள். ரெண்டு காதையும் மூடி, கீழே குஞ்சம் தொங்குகிறது. பம்பாய்ச் செம்பூர் வெக்கையில் இதை யார் போடுவார்கள் என்று கழற்றி மடியில் வைத்தேன். வைத்த பிறகுதான் அந்த வாசம் ஏறியது. மழையில் நனைந்து காய்ந்த ஆட்டு ரோமமும் விறகுப் புகையும் கலந்த வாசம். அதை இதற்கு முன்னால் நான் ஒரே ஒரு நாள்தான் மோந்திருக்கிறேன். எந்த நாள் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

பேத்தி பெரு என்கிற தேசத்துக்குப் போய் வந்திருக்கிறாள். அங்கே இன்கா ராசாக்கள் மலை உச்சியில் கட்டின ஊர் இருக்கிறதாம். ராசாவும் இல்லை, சனமும் இல்லை, சுவர் மட்டும் நிற்கிறது. அதைப் பார்க்க நாள் கணக்கில் ஏறினார்களாம். முன்னால் ஒரு ஆள் வழிகாட்டிப் போகிறான், பின்னால் இவர்கள் வரிசையாகப் போகிறார்கள். போனில் படம் காட்டினாள். பாறையில் வெட்டின படி. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் வெறும் மேகம். "இதுல ஏறும்போது எனக்குக் காலெல்லாம் நடுங்கிருச்சு ஆச்சி, தெரியுமா" என்றாள். தெரியும் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். நான் அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ரெண்டாங்கிளாஸ் படித்த கை, மெதுவாகத்தான் நகரும். நாம் தாராவியில் இருந்தபோது இந்தப் பாடெல்லாம் இல்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருந்தது சுவரா அது? ஒரு தகரம். நீ புரண்டு படுத்தால் எனக்குத் தெரியும். நான் குழம்பைத் தீயவிட்டால் நீ அங்கிருந்தே ஏசுவாய்.

உன் ஊர் நாங்குநேரிப் பக்கம், என் ஊர் அதற்குக் கொஞ்சம் தள்ளி. எனக்கு முன்னால் பம்பாய் வந்தவள் நீ. அந்த ஒரு காரணத்துக்காகவே நீ சொன்னதுதான் சட்டம் என்று நினைத்துக்கொண்டாய். மராத்தி பேசுவாய். குழாயடியில் யாராக இருந்தாலும் தள்ளிவிட்டு முதல் குடம் பிடிப்பாய். எனக்கும் ஒரு குடம் பிடித்துத் தருவாய், அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுசியில்லை. ஆனால் தந்ததை ஊருக்கே சொல்லிக்காட்டுவாய்.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அது. நம் வீட்டுக்காரர்கள் ரெண்டு பேருக்கும் ஒரே தகரப்பெட்டிப் பட்டறையில் வேலை. அங்கே மேஸ்திரி ஒரு மராத்திக்காரர், கர்ஜத் பக்கத்து ஊர்க்காரர். அவர் ஊருக்கு மேலே மலை, மலைக்கு மேலே பழைய ராசாக்கள் கட்டின கோட்டை, இடிந்து கிடந்தது. தசராவுக்கு அங்கே ஏறிவிட்டு வருவது அவர்கள் வழக்கம். பட்டறை ஆட்களும் குடும்பத்தோடு வரலாம் என்றார். ஆண்கள் ஒரு கூட்டமாகக் கிளம்பினார்கள். பொம்பளைகள் நாம் ரெண்டு பேர்தான்.

மலை என்றதும் நமக்கு என்ன தோன்றும்? மேலே சாமி இருக்கும் என்று நினைத்தோம். கோட்டை என்று அவர்கள் சொன்னது காதில் விழாமல் இல்லை. "கோட்டைன்னா உள்ள ஒரு அம்மன் இருக்கமாட்டாளா?" என்று நீதான் முடிவு கட்டினாய். விடியும் முன்னால் தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், காலில் செருப்பில்லாமல் ரயில் ஏறினோம். மடியில் தேங்காய், சூடம், வெற்றிலை. ஆண்கள் நம்மைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. உன் வீட்டுக்காரர், "ரெண்டு பேரும் எந்தக் கோயில் கொடைக்குக் கெளம்பிட்டிய?" என்று கேட்டார். "நீங்க செருப்போட வழுக்கி விழுவியள்ள, அப்பப் பாத்துக்கிடுதேன்" என்றாய்.

தேங்காய் என்னுடையது. எதற்கு என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு நாலாம் மாசம். அதற்கு முந்தின ரெண்டும் தங்காமல் போயின. ரெண்டு தடவையும் துணி அலசிப் போட்டவள் நீ. இந்தத் தடவை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, மலை ஏறி என் கையால் தேங்காய் உடைத்த பிறகுதான் வீட்டுக்காரரிடமே சொல்வது என்று நேர்ந்திருந்தேன். உனக்குத் தெரிந்தது, நான் வாந்தி எடுத்த சத்தம் தகரத்தைத் தாண்டிவிட்டதால். இல்லாவிட்டால் உன்னிடமும் சொல்லியிருக்கமாட்டேன்.

மேஸ்திரியின் சித்தப்பா வழிகாட்டியாக வந்தார். தோளில் கறுப்புக் கம்பளி, இடுப்புக்குப் பின்னால் மரக்கொக்கியில் தொங்கும் அரிவாள். அவரைத் தாண்டி ஒருத்தரும் முன்னால் போகக் கூடாது, அவர் போட்ட சட்டம் அது ஒன்றுதான். மழைக்காலம் முடிந்து புல் ஆள் உயரத்துக்கு நின்றது. அரிவாளால் விலக்குவார், திரும்பி எல்லாரும் வருகிறோமா என்று பார்ப்பார், அப்புறம்தான் அடுத்த அடி. நாம் அவருக்கு நேர் பின்னால் போனோம். முள் குத்தி நான் நின்றால், "எச்சியத் தொட்டு வச்சிட்டு நடளா, ராசாத்தி மாதிரி நிக்காத" என்பாய். பம்பாய்க்கு வந்தபிறகு அவ்வளவு ஆகாசத்தை நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பானேன்.

பாதி மலையில் ஒரு பாறைத் திட்டு வந்தது. அதற்கு மேலே படி. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம், பாசி பிடித்து ஈரமாக இருந்தது. நீ படியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அப்புறம் வழிகாட்டி வந்த அந்தப் பெரியவர் பக்கத்தில் போய் மராத்தியில் என்னவோ பேசினாய். அவர் என் பக்கம் திரும்பினார். நீ அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவிலும் சத்தமாகச் சொன்னாய்: "இவ மாசமா இருக்கா. ஏறக் கூடாதுன்னு சொல்லுதாரு."

யார் யார் எங்கே நின்றார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். ஒருத்தன் குடித்துக்கொண்டிருந்த பீடியைக் கீழே போட்டான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்தார். "பொய் சொல்லுதா" என்றேன். "பொய்யின்னா ஏறு. ஏறி விழு. எனக்கென்ன" என்றாய். சொல்லிக்கொண்டே என் மடியிலிருந்த தேங்காயை எடுத்துவிட்டாய். "ஒன் பேரச் சொல்லி நான் ஒடைக்கேன். நீ சோத்து மூட்டைக்குக் காவல் இரு, கொரங்கு வந்துரும்."

என் வீட்டுக்காரராவது கூட இருப்பார் என்று பார்த்தேன். "அப்ப நீ இரு" என்று சொல்லிவிட்டு அவரும் ஏறிப் போனார். அவர் கணக்கு தனி. அதை அவரிடம் வேறு வகையில் தீர்த்தேன்.

அந்தப் பெரியவர் போகும்போது தோளிலிருந்த கம்பளியை எடுத்துத் திட்டில் விரித்துவிட்டுப் போனார். அதில்தான் உட்கார்ந்திருந்தேன், இந்தத் தொப்பியில் அடிக்கிற அதே வாசத்தில். மேலே பேச்சு கேட்டது, சிரிப்பு கேட்டது, மேகம் வந்து மூடியதும் ஒன்றும் கேட்கவில்லை. கீழே ஊரும் இல்லை, மேலே கோட்டையும் இல்லை. புளிச்சோறும் நானும்தான். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். அது அசையும் மாசம் இல்லை. கல்யாணம் முடிந்து மொழி தெரியாத ஊருக்கு வந்து இறங்கியபோதுகூட அப்படி ஒத்தையாக நான் இருந்ததில்லை.

அப்போது மேலே இருந்து நீ கூப்பிட்டாய். "ஏளா" என்று. பாறையில் பட்டுச் சுற்றிச் சுற்றிக் கேட்டது. நான் பதில் கொடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாய், இன்னும் சத்தமாக. வாயை இறுக்கிக்கொண்டேன். அதற்கு இன்றுவரை எனக்கு வருத்தம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் படியில் நீ மட்டும் இறங்கி ஓடிவருகிறாய், சேலை கிழிந்து, முழங்கால் தோல் உரிந்து. நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாய். முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாய்.

"வாயத் தொறந்தா முத்தா உதிந்துரும், சவமே? உருண்டு போயிட்டன்னுல்லா நெனச்சேன்."

"தேங்கா ஒடைச்சியா?"

"ஒடைச்சேன்."

"அம்மனா, முருகனா?"

"அம்மனுமில்ல, ஒன் அப்பனுமில்ல. இடிஞ்ச செவரு. பாதி பாக்கல, அதுக்குள்ள ஒன்னால ஓடியாந்தேன்."

ஒரு துண்டு தேங்காயாவது கொடு என்று கை நீட்டினேன். அதை ஆண்பிள்ளைகள் கடலையோடு தின்று தீர்த்துவிட்டார்கள்.

பங்குனியில் எனக்குப் பையன் பிறந்தான். தொப்பி கொண்டுவந்தவள் அவன் மகள்தான். நீ செய்தது சரி என்று அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள், அவனும் பெரியவனாகி அதையே சொன்னான். நான் சொல்லமாட்டேன். நான் என் வாயால் சொல்ல வைத்திருந்த சேதி அது. என் வீட்டுக்காரர் முகம் எப்படி மாறும் என்று எத்தனை நாள் நினைத்துப் பார்த்திருப்பேன். அதை நீ பீடி குடிக்கிறவன் முன்னால் போட்டு உடைத்தாய். ஏறக் கூடாது என்று அந்தப் பெரியவர் நிஜமாகவே சொன்னாரா, நீயாகச் சொன்னாயா என்று கேட்கும்போதெல்லாம், "அவருகிட்டயே போயிக் கேளு" என்பாய். நீயாகத்தான் சொன்னாய். எனக்குத் தெரியும். அந்தத் துணிகளை அலசின கை உன்னுடையது, மூன்றாவது தடவை அலச உனக்குத் தெம்பில்லை. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கோபம் கோபம்தான்.

கோட்டையைப் பற்றி நீ ஒரேயடியாகச் சொன்னதும் கிடையாது. நான் பேசாமல் இருக்கும்போது பேச வைப்பதற்கு ஒன்றொன்றாக எடுத்துவிடுவாய். குழாயடியில் ஒரு சண்டை, அதன் பிறகு நாம் முகம் பார்க்காமல் இருந்தபோது, தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து உன் குரல் வந்தது. மேலே பாறையைக் குடைந்து தொட்டி வெட்டியிருக்கிறது, தண்ணீர் பல் கூசியது என்றாய். என் மாமியார் செத்தபோது வந்து உட்கார்ந்து, செந்தூரம் பூசின கல் ஒன்று இருந்தது, கண்ணும் மூக்கும் இல்லை, அதற்கு முன்னால்தான் தேங்காய் உடைத்தேன் என்றாய். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் என் மனசு அடித்துக்கொண்டிருக்குமா? அதற்கு ஒரு சண்டை போட்டோம், துட்டிவீடு என்றும் பார்க்காமல். அப்புறம் ஒரு தடவை கூரையில்லாத வீடுகளைச் சொன்னாய். ஒரு வீட்டில் தரைப் பாறையிலேயே உரல்குழி. அதில் மழைத் தண்ணீர் நின்றது, நீ கையை விட்டுப் பார்த்தாய். "எவளோ இடிச்சு இடிச்சு அப்பிடி வழுவழுன்னு ஆயிருக்குளா. அவளுக்கும் பக்கத்துல ஒருத்தி இருந்திருப்பால்ல" என்றாய்.  அப்போது நான் உன்னோடு பேச்சில்லை.

பிறகு அந்தத் தகரமும் போனது. நம் வீட்டு வரிசையை இடித்து, உன்னை மான்குர்தில் லிப்ட் வைத்த கட்டடத்தில் ஏற்றினார்கள். என்னை மகன் செம்பூருக்குக் கூட்டிவந்தான். நடுவில் ஒரு ஸ்டேஷன்தான், ஆனால் நம் முழங்காலுக்கு அது பெரு தேசம். போனில் சண்டை போட்டோம். நீ பாதியில் வைத்துவிடுவாய். மறுநாள் நீயே கூப்பிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாய்.

ஆனி மாச மழையில் நீ போனாய். எல்லாம் முடிந்த பிறகுதான் உன் மகன் எனக்குச் சொன்னான். "ரோடெல்லாம் தண்ணி கெட்டிக் கெடந்துச்சு, ஒங்களால வர முடியாதுன்னு நெனச்சேன் சித்தி" என்றான். என்னால் முடியாது என்று முடிவு கட்ட அவன் யார்? உன் பிள்ளைதானே, வேறு எப்படி இருப்பான்.

பதினாறாம் நாள் வந்தேன். சுவரில் உன் படம், மாலை, விளக்கு. உன் மருமகள் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, அங்கிருந்த பிள்ளைகளிடம் சொன்னாள்: "இவுங்கதான் ஆச்சிகூட கோட்டைக்கு ஏறினவுங்க. ஆச்சி சொல்லுவாங்கல்ல, ரெண்டு பேரும் வெறுங்காலோட உச்சி வரைக்கும் போனோம், அவ முன்னால ஏறினா, நான் அவ சேலையப் பிடிச்சிக்கிட்டே பின்னால போனேன்னு."

 என்னை நீ மேலே ஏற்றியிருக்கிறாய். எத்தனை வருஷமாகவோ, யார் யாரிடமோ. அதுவும் உனக்கு முன்னால் நடக்கவிட்டு. என்னிடம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீயும் வந்திருக்கலாம்ளா என்று சொல்லியிருந்தால் உன் நாக்கு அறுந்தா போயிருக்கும்? பொய், நான் பாதியிலேயே உட்கார்ந்திருந்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். படத்தைப் பார்த்தேன். படத்தோடு எப்படிச் சண்டை போடுவது? "ஆமா, போனோம்" என்றேன்.

பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து மேலே என்ன இருந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். தொட்டித் தண்ணீர் பல் கூசியதைச் சொன்னேன். செந்தூரக் கல்லைச் சொன்னேன். உரல்குழியில் கைவிட்டுப் பார்த்ததை நானே விட்டுப் பார்த்ததுபோல் சொன்னேன். உன் வார்த்தை ஒன்றுகூடத் தவறவில்லை. அப்போது உன் கொள்ளுப்பேத்தி, உன்னை மாதிரியே முன்னால் வந்து நிற்கிறாள், அவள் கேட்டாள்: "ஆச்சி, மேலேர்ந்து பாத்தா மும்பை தெரிஞ்சுதா?"

இதை நான் உன்னிடம் கேட்டதே இல்லையேட்டி. தேங்காயை ஆயிரம் தடவை கேட்டேன். அங்கே நின்று நீ திரும்பிப் பார்த்தாயா, பார்த்தபோது நாம் விட்டுவந்த ஊர் எங்காவது தெரிந்ததா, அது எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. இனி கேட்க ஆளில்லை. உன் வீட்டுக்காரரும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. அந்த மலையில் அன்றைக்கு ஏறினவர்களில் எனக்குத் தெரிந்து ஒருத்தரும் மிச்சமில்லை. நான் இருக்கிறேன், ஏறாதவள்.

பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு மேகம் மூடிக்கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை. மேகம் ஒன்றுதான் நான் பார்த்தது. மற்றதெல்லாம் நீ பார்த்தது, இப்போது என்னிடம் கிடக்கிறது.