மிஸிஸ் கார்ட்டரின் விபூதித் தட்டு

14 நவம்பர் 1987, சனிக்கிழமை

என் வீட்டுக்காரர் சந்தை சந்தையாய்ப் பழைய கண்காட்சிச் சாமான் தேடுகிறவர். உலக யுத்தம் முடிந்தபின் இந்த இங்கிலாந்துக்காரர் 1951இல் நடத்திய பெரிய கண்காட்சியின் கோப்பையும் டின்னுமாய் அலுமாரி நிறைந்துவிட்டது. போன மாதம் கொண்டுவந்த பித்தளைத் தட்டில், நட்சத்திரத்தின் மேல் முடி தரித்த ஒரு பெண்ணின் தலை இருந்தது. எனக்கு அம்மன் மாதிரித் தெரிந்தது. புளி போட்டு மினுக்கி, சாமியறையில் விபூதி போட்டு வைத்தேன்.

இன்று வடை வாங்க வந்த பக்கத்து வீட்டு மிஸிஸ் கார்ட்டர் சாமியறை வாசலில் அப்படியே நின்றுவிட்டா.

"அது என்ரை ஜோர்ஜின்ரை சிகரெட் சாம்பல் தட்டெல்லோ! அவர் செத்தபிறகு சந்தைக்காரனிட்டைக் குடுத்தனான்."

தட்டை எடுத்து, "கொண்டுபோங்கோ" என்று நீட்டினேன். அவ விபூதியை விரலால் தொட்டுப் பார்த்தா.

"இந்தச் சாம்பலுக்காக அவரோடை எத்தனை சண்டை பிடிச்சன். நீ கும்பிடுறாய். இங்கையே இருக்கட்டும்."

சிரித்தா. கண் சிரிக்கவில்லை.

இவரிடம் சொன்னேன். "அப்ப ஒரு மாதமாய் ஜோர்ஜைப் பூசிக்கொண்டோ வேலைக்குப் போனனான்?" என்று பகிடி விட்டார்.

எனக்குச் சிரிக்க ஏலவில்லை. விபூதியை வேறு தட்டில் கொட்டி, பித்தளைத் தட்டைக் கழுவி அலுமாரியில் வைத்தேன். விளக்கேற்றினால் சாமியறையில் சிகரெட் மணம். இந்த வீட்டில் ஒருவரும் புகைப்பதில்லை.

தட்டைத் திரும்ப எடுத்துவந்து, விபூதியை அதிலேயே போட்டுவிட்டேன். மணம் போய்விட்டது. விடிய எழும்பி யாரை நினைத்துப் பூசுவேன், பெருமானே.