கப்பலுக்கு வைத்த பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? வெயில் ஏறுவதற்கு முன் அப்பா வாவியில் மீன்பிடித்துவிட்டு வந்துவிடுகிறாரா?

இங்கே ருமேனியாவில் நாங்கள் கட்டிய சரக்குக் கப்பலுக்கு நேற்றுப் பெயர் வைத்தார்கள். பக்கத்து நாட்டுச் சண்டைக்குச் சாமான் ஏற்றப் போகிற கப்பல். முகப்பில் பெயரை வெல்டிங்கில் எழுதியவன் உங்கள் மகன்தான். யாருடைய பெயரென்று தெரியாமலேயே, கீறித் தந்த கோட்டின் மேல் கம்பியை உருக்கிக்கொண்டு போனேன். எழுத்து நேராக இருக்கிறதென்று எங்கள் வேலையைப் பார்க்கும் போர்மன் தோளில் தட்டினார்.

அது சண்டையில் இறந்த ஒரு மாலுமியின் பெயர் என்று விழாவில்தான் தெரிந்தது. பெயர் வைக்கும்போது கப்பலின் முகப்பில் போத்தல் உடைப்பது இங்கே வழக்கம்; அதற்கு அவனுடைய தாயையே அழைத்திருந்தார்கள். அவர் மேடையிலிருந்து எட்டி எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு, எழுதியவன் என்று மேடைக்குக் கூப்பிட்டிருந்த என்னிடம் ஏதோ கேட்டார்.

"கடல் தண்ணியில அழியுமா எண்டு கேக்கிறாடா," என்றான் என்னோடு வேலை செய்கிற, பாஷை தெரிந்த வவுணதீவு யதுர்ஷன்.

அழியவே அழியாது, இரும்போடு இரும்பாகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன். அதுவரை அழாமல் நின்றவர் அப்போதுதான் அழுதார்.

அம்மா, காணாமல் போன அண்ணனின் பெயரை நம் புதுத் தோணியில் எழுதலாமென்று அப்பா சொன்னபோது, நானும் போனில் ஓம் என்றேன். "செத்தவங்கட பேரத்தான் எழுதுவாங்க மனே. என்ட புள்ள எங்கயோ இருக்கான்," என்றீர்கள். அப்பாவிடம் சொல்லுங்கள், தோணியில் பெயர் வேண்டாம், பதிவு நம்பர் மட்டும் போதும். அண்ணன் வந்து தனக்குப் பிடித்ததை எழுதட்டும்.

அடுத்த பார்சலில் மிளகாய்த்தூளும் கருவாடும் வையுங்கள். அண்ணனின் படம் ஒன்றும் வையுங்கள். எவ்வளவு யோசித்தாலும் அவருடைய முகம் எனக்கு ஞாபகத்துக்கு வருவதில்லை.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
திலக்சன்